யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு ஒரு நாள் சுற்றுலா: அரிப்பு என்ற கடற்கரை ஊருக்காகவே போகலாம்

விடியப் புறப்பட்டு இரவுக்குள் யாழ்ப்பாணம் திரும்பிவிடும் மன்னார்ச் சுற்றுலாவுக்கு, மாசி மாதத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். வான், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 8,500 ரூபாய். கொடுத்த காசுக்குக் குறை சொல்லமாட்டேன். நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான் எனக்குக் கோபம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வானின் படியோ உயரம். சாரதி யாரும் கேட்காமலே ஒரு சிறிய வாங்கை எடுத்துப் படிக்குக் கீழே வைத்தார். அன்று நின்ற இடமெல்லாம் அப்படியே செய்தார். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டதிலிருந்து பூநகரி வழிப் பயணம் சுகமாகிவிட்டது. மன்னார்த் தாம்போதியில் வானை நிறுத்தி, ஆழமில்லாத நீரில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகளைப் பார்க்கவிட்டார்கள்.

போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்த மன்னார்க் கோட்டையையும், பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் விரைவாகப் பார்த்து முடித்தோம். தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் அம்மா நெடுநேரம் நின்றார். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலில் தாத்தாவுடன் போனவர் அவர். சுங்கத்தில் பெட்டியைக் கிளறியது, கப்பலில் வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் வழிகாட்டியிடம் கதைத்தார். அந்தத் தம்பி அவசரப்படுத்தாமல் கேட்டதற்கு நன்றி.

பிறகு மன்னார் நகரத்தில் சாப்பாட்டுக்கென்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டிய சாப்பாட்டை நாங்கள் போய் உட்கார்ந்த பிறகுதான் சமைக்கத் தொடங்கினார்கள். அதனால் அரிப்புக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம் மட்டுமே. இந்தச் சுற்றுலாவின் உயிரே அங்கேதான் இருக்கிறது!

அங்குள்ள 'டொரிக்' மாளிகையை முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தார். முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்வதற்கான வீடு அது. ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். வழிகாட்டி அல்லிராணியின் கதையையும் சொன்னார், எது கதை எது வரலாறு என்பதையும் பிரித்துச் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் இப்படிச் செய்வதில்லை.

சிலாவத்துறைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை அவர். காலில் கல்லைக் கட்டி இறங்கும் குளியாட்களைப் பற்றியும், சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய 'கடல்கட்டி'களைப் பற்றியும், சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்ததைப் பற்றியும் அவர் சொல்லச் சொல்ல, வானில் வந்த சின்னப்பிள்ளைகள்கூட வாய்திறக்கவில்லை. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுத்திருக்கிறார்கள். குளியாட்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு ஓர் இலண்டன் நிறுவனம் முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு முத்துவளம் கைவிட்டுவிட்டது.

நான் கட்டட வேலையிலேயே தலை நரைத்தவன். ஆகவே சுவரைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செங்கல்லுக்கு மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. உப்புக்காற்று படாத ஒரு மூலையில் அது இன்னும் வழுவழுவென்று இருக்கிறது. விரலால் தடவினால் தூள் ஒட்டவில்லை. இருநூறு ஆண்டு தாண்டிய பூச்சு! நாங்கள் இன்று பூசும் சீமெந்து கடற்கரையில் எத்தனை மாரி தாங்கும்? ஆனால் சுவர் நிற்கும் மண்திட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. "ஐயா, ஓரத்துக்குப் போகாதீர்கள், கீழே மண் இல்லை" என்று வழிகாட்டி என் கையைப் பிடித்து இழுத்தார். எட்டிப் பார்த்தேன். உடைந்து விழுந்த சுவர்த்துண்டுகள் கீழே கடற்கரையில் கிடந்தன. அவசரமாக அலைத்தடுப்புப் போடாவிட்டால் மிச்சமும் போய்விடும்.

பக்கத்திலேயே ஒல்லாந்தரின் சிறிய அரிப்புக் கோட்டை. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். நேரமில்லை என்று அதை வான் யன்னலால் காட்டிவிட்டு வந்துவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போக நினைப்பவர்கள் பதிவு செய்யும்போதே இரண்டு விடயங்களைக் கேளுங்கள். முதலாவது, அரிப்பைக் காலையில் வைக்கச் சொல்லுங்கள். மாலையில் வைத்தால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். இரண்டாவது, அந்தப் பகுதியைச் சேர்ந்த வழிகாட்டியையே கேளுங்கள். அரிப்பில் நிழலும் இல்லை, மலசலகூடமும் இல்லை. தொப்பியும் தண்ணீரும் அவசியம். முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மன்னார் நகரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வானில் ஏறுங்கள்.