ஜாக்கி இறக்க ஏற்ற இம்பாக்ட் ரென்ச்: என் அனுபவம்

தேவகோட்டையில் இருக்கும் என் மச்சினன் எங்களுடையதைப் போலவே ஒரு சமையல் டிரெய்லர் செய்யக் கொடுத்திருக்கிறான். "அத்தான், ஜாக்கிக்கு நீங்க வச்சிருக்கிற இம்பாக்ட் ரென்ச்சையே நானும் வாங்கிரவா?" என்று போனில் கேட்டான். முன்பக்க இடது ஜாக்கி லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்த வாரம் பார்த்துக் கேட்டான். பேசி முடியவில்லை. வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டிரெய்லரின் நான்கு மூலையிலும் சிசர் ஜாக்கி, அதாவது திருகுத் தண்டைச் சுற்றினால் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மடங்கும் ஜாக்கி. அமெரிக்காவில் ஊர் சுற்றுகிறவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் டிராவல் டிரெய்லர்களில் இருக்கும் அதே வகைதான். திருகுத் தண்டின் முனையில் 19 மி.மீ. அறுகோணத் தலை. கம்பி ஹேண்டிலை மாட்டிக் கையாலும் சுற்றலாம், சாக்கெட் போட்டு மிஷினாலும் சுற்றலாம். என்னிடம் இருப்பது 18 வோல்ட் பேட்டரி, 1/2 அங்குலச் சதுர முனை உள்ள இம்பாக்ட் ரென்ச், அதாவது உள்ளே சுத்தி அடித்து அடித்து நட், போல்ட்டைத் திருப்பும் மிஷின்.

இந்த ஜாக்கிகள் வண்டியைத் தூக்குவதற்கு இல்லை. வண்டி ஆடாமல் முட்டுக் கொடுப்பதோடு இவற்றின் வேலை சரி. எடை சக்கரங்களிலும் முன்னால் இருக்கும் ஏர்க்கால் ஜாக்கியிலும்தான் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இழுத்து வந்த வண்டியைக் கழற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் நான்கு மூலையையும் இறக்குவோம். எங்களுக்கு இது இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் வெள்ளைப் பணியாரம். மாவைக் கரண்டியில் எடுத்துக் காய்ந்த எண்ணெயில் ஊற்றினால் அது நடுவில் உப்பி மேலே வர வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பையன் படியில் ஏறி, வண்டி அசைந்தால் வாணலியில் எண்ணெயும் அலம்பும். பக்கத்தில் நிற்கிற மாஸ்டருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் ஒரு பக்கமாக ஓடினாலும் உடனே குரல் வரும். ரசமட்டத்தைவிட எங்கள் மாஸ்டர் அந்த எண்ணெயைத்தான் நம்புவார்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஜாக்கியை மேலே ஏற்றுவதில் இம்பாக்ட்டுக்கு இணை கிடையாது. கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் அசந்துபோயிருக்கும் நேரத்தில் சரளைக் கல்லில் முட்டி போட்டு ஹேண்டில் சுற்றியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஹேண்டில் முழு வட்டம் வராது, வண்டியின் அடியில் இடிக்கும், மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். மிஷினில் விசையை அழுத்தினால் சில நொடிகளில் ஜாக்கி மடங்கி மேலே போய்விடும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பார்கள் அல்லவா, அந்த வழியில் அன்னதானத்துக்கு எங்கள் வண்டியும் போகும். சிங்கம்புணரிப் பக்கம் காலை டிபன் என்றால் நத்தம் பக்கம் ராத்திரிச் சாப்பாடு. நடக்கிறவர்கள் வந்து சேருவதற்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும். அந்த நாட்களில் இந்த மிஷின் ஓர் ஆள் வேலையைச் செய்கிறது.

சரி, இப்போது இறக்குவதற்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான்.

இம்பாக்ட் ரென்ச் லேசாகச் சுற்றும்போது சத்தம் ஒரே சீராக இருக்கும். எதிர்ப்பு வந்ததும் உள்ளே இருக்கும் சுத்தி அடிக்கத் தொடங்கும், 'கடகட'வென்று சத்தம் மாறும். சத்தம் மாறிய இடத்தில் ஜாக்கியின் கால் தரையைத் தொட்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். ஜாக்கி புதிதாக இருந்தபோது இது அழகாகக் கேட்டது. ஆனால் நம் பக்கத்துச் செம்மண் சும்மா விடுமா? தண்டில் கிரீஸ் இருந்தால் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் ஒட்டி, வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் கால் அந்தரத்தில் இருக்கும்போதே தண்டு இறுகுகிறது, மிஷினும் முதல் சுற்றிலிருந்தே அடிக்கிறது. கால் எப்போது தொட்டது என்று காதுக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்க்கலாம் என்றால் நாங்கள் வண்டியை நிறுத்துவது விடியலுக்கு முன்னால்.

தொட்ட பிறகு ஒரே ஒரு நொடி விசையில் விரல் கூடுதலாக இருந்தால் போதும், அந்த மூலை தூக்கிக்கொள்ளும். இந்த மிஷினின் முறுக்கு 300 நியூட்டன் மீட்டர். கார் சக்கர போல்ட்டுக்குச் சரி, முட்டுக் கொடுக்கும் ஜாக்கிக்கு எதற்கு? ஒரு மூலை தூக்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். பின்கதவு சட்டத்தில் இடிக்கும், பரிமாறும் பக்கத்து ஷட்டர் பாதியில் நின்றுவிடும். "அண்ணே, கதவு மறுபடியும் மூட மாட்டேங்குது" என்று பையன் வந்து நிற்பான். திரும்பவும் ரசமட்டம், திரும்பவும் நான்கு மூலை. மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும். இது எப்போதாவது வரும் தொல்லை என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பட்டறையில் முன்பக்க ஜாக்கியில் திருகுத் தண்டு ஓடும் நட்டை அறுத்துக் காட்டினார்கள். முனை தட்டையாக இருக்க வேண்டிய மரை கத்திபோலக் கூராகிக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, அடியில் செம்மண் குழம்பு. "இது சும்மா தேய்ஞ்சது இல்லண்ணே, அடி வாங்கித் தேய்ஞ்சது" என்றார் பட்டறைக்காரர். புது நட் கடைந்து போட்டார், வேலை சுத்தம். அதற்குமுன் ஒரு தடவை சாக்கெட் வெடித்தது. மிஷின் வாங்கிய கடையில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டைத் தலையில் கட்டியிருந்தார்கள். இம்பாக்ட்டுக்குக் கறுப்பாக, கனமாக வரும் இம்பாக்ட் சாக்கெட்தான் போட வேண்டும். குரோம் சாக்கெட் கைக்கருவிக்கு உண்டானது, இந்த அடியில் விரிசல் விட்டுத் தெறிக்கும். கண்ணுக்கு அருகில் வைத்து வேலை செய்கிறோம். விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். நாங்கள் நிறுத்துவது பின்கட்டுப் பக்கம். இரண்டு பக்கமும் நீள மதில், நடுவில் இந்த 'கடகட'. கல்யாண வீட்டில் முதல்நாள் அலைச்சலில் அப்போதுதான் கண்ணயர்ந்த பெரியவர்கள் உள்ளே படுத்திருப்பார்கள். விடிகாலை நான்கு மணிக்கு ஓர் ஆச்சி பின்கதவைத் திறந்து பார்த்தால் என்ன பதில் சொல்வது?

பட்டறை வேலை நடந்தபோது தெரிந்த ஆசாரி ஒருவரின் கார்ட்லெஸ் டிரில்லை இரவல் வாங்கி ஓட்டினேன். அதே 18 வோல்ட். கியர் 1-ல் வைத்தால் மெதுவாகச் சுற்றும். எண் போட்ட கிளட்ச் வளையம் இருக்கிறதே, அதைக் குறைவாக வைத்தால் கால் தரையில் ஊன்றியதும் கிளட்ச் நழுவிவிடும், அதற்குமேல் சுற்றாது. நான்கு மூலையும் ஒரே அளவு இறுக்கம். கதவு மூடியது, ஷட்டர் ஏறியது. மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் திரும்ப ஒரு மூலையையும் தொட வேண்டி வரவில்லை. அவர் டிரில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது எனக்கு மனசே இல்லை.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு இம்பாக்ட் வாங்க வேண்டாம், டிரில் போதும். என்னுடையதை விற்பாயா என்றால் மாட்டேன், ராத்திரி பதினோரு மணிக்கு ஜாக்கி ஏற்ற அது எனக்கு வேண்டும். இரண்டும் வாங்க வசதி இருப்பவர்கள் ஒரே பேட்டரி இரண்டிலும் பொருந்துகிற மாதிரி வாங்குங்கள்.

எந்த மிஷினாக இருந்தாலும் தண்டில் கிரீஸ் அப்ப வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கிராஃபைட் மாதிரி உலர்ந்த மசகு போடுங்கள், தூசி ஒட்டாது. காலுக்கு அடியில் கனமான தேக்குப் பலகை வையுங்கள். ஊருணிக் கரை மாதிரி இளகிய மண்ணில் கால் புதையாது, ஜாக்கி நீள வேண்டிய தூரம் குறைவதால் ஆட்டமும் குறையும். டிரில் என்றால் சைடு ஹேண்டில் பூட்டுகிற மாடலாகப் பாருங்கள். தண்டு திடீரென்று இறுகினால் மணிக்கட்டைத் திருப்பிவிடும். அப்புறம் பழைய கம்பி ஹேண்டிலை வண்டியிலிருந்து இறக்கிவிடாதீர்கள். பேட்டரி தீர்ந்த நேரத்தில் கை கொடுப்பது அதுதான்.