பூனையின் காதுச் சொறி: எண்ணெயா, சொட்டு மருந்தா, பிடரி மருந்தா, வேப்பேரியா?

பூனை பின்னங்காலைத் தூக்கிக் காதைப் பரபரவென்று சொறிய ஆரம்பித்தால் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் விடு என்பார் ஒருவர். பெட் ஷாப்பில் காதுக்குச் சொட்டு மருந்து விற்கிறது என்பார் அடுத்தவர். பிடரியில் விடும் மருந்து ஒன்று போதும் என்பார்கள் இளவட்டங்கள். பேசாமல் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்பார் வீட்டில் நாய் வைத்திருப்பவர். வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இந்த நாலுமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடி தாண்டி ஊர் சுற்றும் பூனைக்குப் பிடரி மருந்து. காது நாறினாலோ, ஒரு காதை மட்டும் சொறிந்தாலோ வேப்பேரி. சொட்டு மருந்து, டாக்டர் காதைப் பார்த்த பிறகு. எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கு முன்னால் டார்ச்

எந்த வழியில் போவது என்பதைப் பாதி முடிவு செய்வது காதுக்குள் இருக்கும் அழுக்குதான். ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கை மாதிரி கருப்பாக, உதிரியாக இருந்தால், அதுவும் இரண்டு காதிலும் இருந்தால், பெரும்பாலும் காதுப்பூச்சி. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய உயிரி அது. காது மடலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் அழுக்கில் கொஞ்சம் பஞ்சில் எடுத்து, கருப்புத் தாளில் தட்டி, மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நகர்வது தெரியும். எங்கள் கீழ்வீட்டுப் பையன் அப்படித்தான் கண்டுபிடித்தான்: "அக்கா, இங்க வந்து பாருங்க, தூசு நடக்குது!" இன்னொரு அடையாளமும் உண்டு. காதின் அடிப்பக்கத்தை விரலால் லேசாகத் தேய்த்தால், அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியும்.

கருப்புச் சக்கை இல்லையென்றால் கதை வேறு. பழுப்பாகப் பிசுபிசுவென்று புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சளாகச் சீழ் வடிந்து நாறினால் பாக்டீரியா. காதின் விளிம்பில் தொடங்கி முகம் வரை தடித்த பொருக்கு படர்ந்தால் அது வேறு வகைச் சொறிப்பூச்சி. தூக்கி வைத்துக் கொஞ்சுகிறவர் கையிலும் அரிப்பு வரும். காது சுத்தமாக இருந்தும் கழுத்தையும் சேர்த்துச் சொறிந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். வெள்ளைக் காது உள்ள பூனைக்கு நுனியில் ஆறாத புண் இருந்தால் அதையும் சொறி என்று விட்டுவிடக் கூடாது. வெயில் அதிகம் படும் வெள்ளைக் காதுநுனியில் புற்றுநோய் வருவது உண்டு.

எண்ணெய்

எண்ணெய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. காய்ந்த அழுக்கை இளக்கும். உயிரோடு இருக்கும் பூச்சிகள் சிலவற்றை மூச்சடைக்கவும் வைக்கும். ஆனால் முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை பொரிக்கச் சுமார் நாலு நாள், முழுப் பூச்சியாக மொத்தம் சுமார் மூன்று வாரம். அத்தனை நாளும் விடாமல் எண்ணெய் விட்டால் ஒருவேளை பலன் இருக்கும். அத்தனை நாளும் விட விடும் பூனையை நான் பார்த்ததில்லை.

நம் வீடுகளில் வெறும் எண்ணெயோடு யாரும் நிற்பதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். மனிதக் காதுவலிக்குப் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், சொறிக்குக் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய், எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய் என்று கை தானாகப் போகும். பூனை காதைக் காலால் துடைத்து அந்தக் காலை நக்கும். ஆக, காதில் விட்டதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகிறது. பூண்டு பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கற்பூரம் நஞ்சு. நமக்கும் நாய்க்கும் ஈரல் சுலபமாக முறிக்கும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஆன்லைனில் விற்கும் டீ ட்ரீ எண்ணெயும் இதே கணக்குதான், இன்னும் மோசம்.

சொட்டு மருந்து

பெட் ஷாப்பில் பூனைக்குக் காதுச் சொறி என்றால் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். இந்த வகைச் சொட்டு மருந்துகள் பலவற்றில் மூன்று சரக்கு கலந்திருக்கும்: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று. ஈஸ்ட்டும் சீழும் இருக்கும் காதில் இது நன்றாகவே கேட்கும். காதுப்பூச்சி இருக்கும் காதில் ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும், பூனை நிம்மதியாகத் தூங்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். பாட்டில் தீர்ந்து கொஞ்ச நாளில் மறுபடி பரபரவென்று கால் தூக்கும்.

அதைவிடப் பெரிய கவலை செவிப்பறை. நாள்பட்ட சொறியில் செவிப்பறை ஓட்டையாகியிருந்தால், ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகள் உள்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே கெடுக்கலாம், தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்பதை வீட்டு டார்ச்சால் பார்க்க முடியாது. பூனையின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே திரும்பும், கிட்டத்தட்ட 'ட' எழுத்து மாதிரி. அதனால்தான் பட்ஸ் போட்டுக் குடைவதும் கூடாது. அழுக்கு வெளியே வருவதற்குப் பதில் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் நடைமுறைத் தொல்லை. துண்டில் கழுத்துவரை சுற்றி, ஒருவர் பிடிக்க ஒருவர் காது மடலைத் தூக்கிச் சொட்ட, அது தலையை உதறிய உதறலில் பாதி மருந்து சுவரிலும் நம் சட்டையிலும் இருக்கும். காலை மாலை இரண்டு வேளை.

பிடரி மருந்து

செலமெக்டின், அல்லது மாக்ஸிடெக்டினும் இமிடாக்ளோப்ரிடும் சேர்ந்தது, இப்படிச் சில மருந்துகள் சின்னக் குழாயில் வருகின்றன. பிடரியில் முடியை விலக்கித் தோல் தெரியும் இடத்தில் விட்டால் போதும். வாய் எட்டாத இடம் என்பதால்தான் பிடரி. செலமெக்டின் தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து பூச்சியிடம் போகிறது. சொட்டு மருந்தோடு ஒப்பிடும்போது இதன் பலம் இங்கேதான். காதுப்பூச்சி காதில் மட்டுமே குடியிருப்பதில்லை. பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதில் படும், பூச்சி வாலுக்கும் கழுத்துக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். காதை மட்டும் கழுவினால் வெளியூர் போனவை ஊர் திரும்பும்.

வட சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே வீட்டுப் பூனை என்று தனியாக எதுவும் கிடையாது. ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடிகளில் நம் பூனை நாலு வீடு சுற்றிவிட்டு வரும். காசிமேட்டு மீன் ஏறி வரும் தெருக்களில் மீன் கூடை இறங்கும் இடமெல்லாம் ஒரு பூனைக் கூட்டம் இருக்கும். காதுப்பூச்சி பூனைக்குப் பூனை உரசலில் தொற்றும், நாய்க்கும் போகும். நம் பூனைக்கு மட்டும் மருந்து போடுவது பாதி வேலை. வீட்டில் இருப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், மாடிக்கு வரும் விருந்தாளிகளுக்கும் முடிந்தால் போட வேண்டும். தெருப்பூனையின் காதில் சொட்டு மருந்து விட யாரால் முடியும்? காரப்பொடி மீனை ஒரு தட்டில் வைத்து, அது தலை குனிந்து தின்னும் நேரத்தில் பிடரியில் குழாயை அழுத்திவிட முடியும். நிமிர்ந்து முறைக்கும், மறுபடி மீனுக்குத் திரும்பிவிடும்.

விலை சொட்டு மருந்தைவிட அதிகம், பூனை எண்ணிக்கை ஏறினால் பையைக் கடிக்கும். எடைக்கேற்ற குழாய் வாங்க வேண்டும்; மளிகைக் கடைத் தராசில் பூனையைக் கூடையோடு நிறுத்துக் கூடையின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர் சிரிப்பார், சரி. குட்டிகளுக்கு எத்தனை வாரத்திலிருந்து போடலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அட்டையில் இருக்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்ணை மூடக் கூடாது. நாய்க்கு என்று எழுதியிருப்பதை அளவு குறைத்துப் பூனைக்குப் போடாதீர்கள். நாய்க்கான பிடரி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது உடல் நடுங்கி வலிப்பு வந்து சாகும் விஷம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரினும் அதே குடும்பம். நாய்களைக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் வேண்டாம். கொரோனா காலத்தில் வீட்டில் சேர்ந்த ஐவர்மெக்டின் மாத்திரையை உடைத்துப் பாலில் கலப்பது இன்னொரு ஆபத்து. அந்த மருந்தையே டாக்டர்கள் ஊசியாகப் போடுவது உண்டு, ஆனால் எடை பார்த்து, குட்டியா பெரியதா என்று பார்த்து.

வேப்பேரி

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. நம் பக்கத்தில் இன்னும் பலருக்கு அது மாட்டாஸ்பத்திரிதான். மற்ற மூன்று வழிகளிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: காதுக்குள் கருவியை விட்டுச் செவிப்பறையைப் பார்ப்பார்கள், அழுக்கை ஸ்லைடில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பூச்சியா, ஈஸ்ட்டா, பாக்டீரியாவா என்று சொல்வார்கள். செலவு கட்டுப்படியாகும். நேரம்தான் போகும், நாய்களுக்கு நடுவே காத்திருக்கும் பூனையின் பாடு தனி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். அதனால் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் காசு கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அங்கேயும் ஸ்லைடு பார்க்கிறார்கள் என்றால்.

காது மடல் பலூன் போல உப்பினால் மட்டும் எந்த ஒப்பீடும் வேண்டாம், அன்றே கிளம்புங்கள். சொறிந்த வேகத்தில் ரத்தக்குழாய் உடைந்து மடலுக்குள் ரத்தம் கட்டியிருக்கும். தலை சாய்ந்து, நடை தள்ளாடினாலும் அப்படியே. பிடரி மருந்து போட்டு ஒரு மாதம் ஆகியும் சொறி நிற்கவில்லை என்றாலும் போக வேண்டியதுதான். மூடியுள்ள கூடை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் ஆட்டோவில் தாங்கும். அதுவரை காதில் விட்ட பாட்டில்களைக் காலியாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் போகிறோமே என்று காதைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள். ஸ்லைடில் வைக்க அவருக்கு அந்த அழுக்கு வேண்டும்.