வெர்டிகல் ஆன்டெனா இரைச்சல்: கேபிள் சுருளா, பெரைட் வளையமா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வீட்டில் ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸ்) 10 மீட்டர் உயர வெர்டிகலை, அதாவது செங்குத்து ஆன்டெனாவை, நிறுத்திய முதல் வாரம், சிக்னல் பலம் காட்டும் எஸ்-மீட்டர் வெறும் இரைச்சலிலேயே 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. வெர்டிகல் என்றாலே இப்படித்தான் என்றார்கள். ஆனால் மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ரிக்கை (ரேடியோவை) ஓட்டியதும் பெரும்பகுதி அடங்கிவிட்டது. அப்படியென்றால் வீட்டு இரைச்சல்தான் ரிக்கிலிருந்து போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறமாக ஆன்டெனாவுக்குப் போகிறது.

நம் ஊரில் இது அதிகம் நடக்கக் காரணம் பாறை நிலம். எர்த் கம்பி சரியாக இறங்காது, ஆன்டெனா அடியிலிருந்து தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகளையும் நாலைந்தோடு நிறுத்திவிடுகிறோம். ரேடியல் போதாதபோது கோஆக்ஸின் உலோக வலை உறையான ஷீல்டின் வெளிப்புறமே இன்னொரு ரேடியலாக வேலை செய்யும். வீட்டுக்குள் எல்ஈடி பல்பு, சோலார் இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் கக்குவதை அது வாரிக்கொள்ளும்.

கேபிள் முனையில் ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு என்ற மின்தடையை மாட்டிப் பார்த்தபோது அமைதியாக இருந்தது. அதனால் கேபிள்மேல் குற்றமில்லை என்று நினைத்தேன், அது தவறு. வெளிப்புற மின்னோட்டம் உள்ளே நுழைவது ஆன்டெனாவின் அடியில், ஷீல்டும் ரேடியலும் சேரும் இடத்தில்தான். டம்மி லோடு அந்த வாசலையே அடைத்துவிடுகிறது.

சரி, அந்த வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்க எந்த சோக் (தடுப்புச் சுருள்)?

முதலில் செய்து பார்த்தது கேபிள் சுருள். 4 அங்குல பீவீசி பைப்பில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று, அவ்வளவுதான். கேபிளும் பைப்பும் தவிர செலவில்லை. கணக்குப்படி 7 மெகாஹெர்ட்ஸில் 600, 700 ஓம் தடுப்பு கிடைக்கும். பலன் தெரிந்தது, ஆனால் கேபிள் நீளத்தைச் சற்று மாற்றியதும் இரைச்சல் பழையபடி ஏறியது. சுருள் தருவது பெரும்பாலும் தூண்டல் எதிர்ப்பு. கேபிளின் வெளிப்புறம் அந்த நீளத்தில் மின்தேக்கி போல நடந்துகொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், மின்னோட்டம் கூடவும் செய்யலாம். ஒரே பேண்டு, மாறாத கேபிள் என்றால் சுருள் போதும். பல பேண்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

கேபிள்மேல் கவ்வும் பெரைட் (காந்தப் பீங்கான்) மணிகள் மாட்டுவதற்கு எளிது, ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் பலம் போதாது. பத்து மணி மாட்டினால் தடுப்பு பத்து மடங்குதான். ஒரே வளையத்துக்குள் பன்னிரண்டு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 144 மடங்கு, ஏனெனில் தடுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும்.

எனவே என் தேர்வு வளையம்தான்: 2.4 அங்குல அகலமுள்ள எஃப்டி-240, 31-ஆம் பெரைட் கலவை, ஆர்ஜி-58-ல் 12 முதல் 14 சுற்று. 40 மீட்டரில் சில ஆயிரம் ஓம் வரும். முக்கியமாக அதில் பெரும்பங்கு உண்மையான மின்தடை. கேபிள் நீளம் என்னவாக இருந்தாலும் அதைக் கழித்துவிட முடியாது. 20 மீட்டரிலும் அதைவிட உயர்ந்த அதிர்வெண் பேண்டுகளிலும்தான் அதிகம் பேசுவீர்கள் என்றால் 43-ஆம் கலவை பொருந்தும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தைச் சுற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். அது பெரைட்டே அல்ல, இரும்புத்தூள். ஃபோம் உள்ள கேபிளையும் இறுக்கிச் சுற்ற வேண்டாம், நடுக்கம்பி இடம் நகர்ந்து ஷீல்டைத் தொட்டுவிடலாம்.

வளையத்தை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்தேன், மழை படாத டப்பாவுக்குள். அப்புறம் கேபிள் வீட்டுச் சுவரைத் தாண்டும் இடத்தில் இன்னொன்று. எஸ்-மீட்டர் 3-க்கு வந்தது. ரேடியலையும் பதினாறாக்கினேன். சோக் இருக்கிறதென்று ரேடியலைக் குறைத்தால் ஆன்டெனா திறன்தான் போகும்.

மிச்சமிருப்பது விநாடிக்கு ஒரு முறை வரும் 'டிக்' சத்தம். யானைக்காகப் போட்ட சோலார் வேலி அது. நேராகக் காற்றில் வந்து ஆன்டெனா கேட்பதை எந்த சோக்கும் தடுக்காது. ரிக்கில் இப்படிப்பட்ட குறுந்துடிப்புகளை அடக்கும் நாய்ஸ் பிளாங்கரைப் போட்டேன், பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடு வேலி நெடுக நடந்து, கம்பியில் உரசிய செடிகளை வெட்டினோம். உடைந்த இன்சுலேட்டர் இரண்டை மாற்றிய அன்று மாலை 'டிக்' பாதியாகிவிட்டது.