மருத்துவக் கஞ்சா எடுத்தவர் வண்டி ஓட்டலாமா: எந்த வரம்பு யாரைப் பிடிக்கிறது?

மதுவில் ரத்த அளவும் தடுமாற்றமும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறி இறங்கும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி அப்படியல்ல. அது கொழுப்பில் கரைவது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சம் தொட்டு, போதை தெளியும் முன்பே சரிந்துவிடும். தினமும் எடுப்பவருக்கோ கொழுப்பிலிருந்து மெல்லக் கசிந்து, நிறுத்திப் பல நாள் ஆன பிறகும் ரத்தத்தில் தெரியும். நோயாளிகளில் பலர் இந்த ரகம்தான். இதைச் சமாளிக்கச் சட்டங்கள் நான்கு வழிகளில் போகின்றன.

இருந்தாலே குற்றம். ஆஸ்திரேலிய மாநிலங்கள் பலவற்றில் உமிழ்நீர்ச் சோதனையில் டிஎச்சி தெரிந்தால் போதும். சாலையோரத்தில் சுலபம். ஆனால் அதில் சிக்குவது பெரும்பாலும் வாயில் ஒட்டிய மிச்சம். நாக்கடியில் எண்ணெய் விட்டவர் மாட்டுவார், காப்சூல் விழுங்கியவர் தப்பலாம். டாஸ்மேனியா மட்டும், மருந்துச்சீட்டோடு தடுமாற்றமின்றி ஓட்டுபவரை விட்டுவிடுகிறது.

நிலையான எண். ஜெர்மனி 2024இல் ரத்தத்தில் டிஎச்சி வரம்பை மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமிலிருந்து 3.5க்கு ஏற்றியது. பிரிட்டனில் 2. ஜெர்மனிதான் தாராளம் என்று சொல்லிவிடாதீர்கள்: அங்கே அளப்பது ரத்தச் சீரத்தில் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்), பிரிட்டனில் முழு ரத்தத்தில். சீரத்தில் டிஎச்சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டும், ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நார்வே 1.3, 3, 9 என்று முழு ரத்தத்தில் படி வைத்து, படிக்கேற்ப தண்டனையைக் கூட்டுகிறது. மூன்றில் ஒழுங்கானது அதுதான். ஆனாலும் எண் எண்தான்: முந்தின இரவு மருந்து எடுத்த நெடுநாள் நோயாளி 2ஐத் தாண்டக்கூடும், கஞ்சா கலந்த தின்பண்டம் சாப்பிட்டு நிஜமாகவே தள்ளாடும் புதியவர் அதற்குக் கீழேயே நிற்கக்கூடும்.

தடுமாற்றத்தை நிரூபிப்பது. கலிஃபோர்னியாவில் கஞ்சாவுக்கு எண் இல்லை. ஓட்டும் திறன் குறைந்ததைக் காட்ட வேண்டும். அதற்குப் போலீஸ் வைக்கும் நேர்கோட்டு நடை, ஒற்றைக்கால் நிற்றல் எல்லாம் மதுவுக்கென உருவானவை. போதையே இல்லாதவரும் அவற்றில் சறுக்குவதுண்டு.

எண்ணும் மருத்துவ விலக்கும். எண்ணை மேலே தள்ளுவதைவிட இது மேல். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும், மருத்துவர் எழுதியபடி எடுத்திருந்தால் எண்ணைத் தாண்டியது மட்டும் குற்றமாகாது; தடுமாறினால் விலக்கு காக்காது. சீட்டு, லேபிளோடு கூடிய டப்பா, எடுத்த நேரக் குறிப்பு மூன்றும் வண்டியில் இருக்கட்டும். சொந்தமாகக் கூட்டிய ஒரு டோஸ் போதும், விலக்கு கைவிட்டுப் போகும். கனடாவில் இந்த விலக்கே கிடையாது.

சட்டம் எழுதுவோர் அதிகம் கோட்டைவிடுவது ரத்தம் எடுக்கும் நேரத்தில். கனடா ஓட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் என்கிறது. அதற்குள் புகைத்தவரின் அளவு பாதிக்கும் கீழே போயிருக்கும். தினசரி மருந்துக்காரரின் தேங்கிய அளவு அசைந்தே இருக்காது.