பத்துத் துளை மவுத் ஆர்கனில் பெண்டிங்: சில ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்

சி ஸ்கேலில் அமைந்த (சி சுரமே ஷட்ஜமான) பத்துத் துளை டயடோனிக் (ஏழு சுர வரிசைக்கேற்ற) மவுத் ஆர்கனைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, இதன் கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் இல்லை என்பதுதான். முதல் மூன்று துளைகளை ஊதினால் ச, க, ப. உறிஞ்சினால் ரி, ப, நி. விடுபட்ட இரண்டும் உறிஞ்சும் சுரத்தை வளைத்தால்தான் வரும் என்பதால், பெண்டிங் எனப்படும் இந்தச் சுர வளைப்பு இந்தக் கருவியில் வெறும் அலங்காரமன்று.

நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் 24 துளை டிரெமோலோ வகையில் (ஒரு சுரத்துக்கு இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிப்பது) இது கைகூடாது. அதில் ஒவ்வொரு ரீடுக்கும், அதாவது அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய உலோகத் தகட்டுக்கும், தனி அறை. டயடோனிக்கில் ஊதும் ரீடும் உறிஞ்சும் ரீடும் ஒரே அறையில் இருப்பதால், வாயின் உள்வடிவம் மாறும்போது இரண்டும் சேர்ந்து அதிர்ந்து சுருதியைக் கீழே இறக்குகின்றன. எவ்வளவு இறங்கும் என்பது அத்துளையின் இரு சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. நான்காம் துளையின் சதுச்ருதி ரிஷபம், அதற்கு அரைச் சுரம் கீழுள்ள சுத்த ரிஷபம் வரை இறங்கும்; ஐந்தாம் துளையிலோ காந்தாரமும் மத்யமமும் ஒட்டியே இருப்பதால் சிறு சாய்வுக்கு மேல் எதுவும் கிடைக்காது.

மூச்சைப் பலமாக இழுத்தால் ரீடு திணறுமே தவிர, சுரம் வளையாது. உதடுகளை அசைக்காமல், 'ஈ' சொல்லும் நிலையிலிருந்து 'ஊ' நோக்கி நாக்கின் பின்பகுதியை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். மூச்சை உள்ளிழுத்தபடியே விசிலடித்துச் சுருதியை இறக்கிப் பார்த்தால் நாக்கு போகும் வழி புலப்படும்.

நான்காம் துளை வசப்பட்டவர்களையும் மூன்றாம் துளை நெடுங்காலம் சோதிக்கும். காகலி நிஷாதத்திலிருந்து கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என அரை அரைச் சுரமாக இறங்கும் மூன்று படிகள் அதில் உண்டு. அடிவரை சறுக்கி விழுவது எளிது, நடுப்படியில் நிற்பதே கடினம். தம்பூரா செயலியை ஒலிக்கவிட்டு நடுப்படியான அந்தச் சதுச்ருதி தைவதத்தைப் பிடித்து நிறுத்துவதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சுருதி காட்டும் ட்யூனரின் முள்ளைப் பார்த்து வாசித்தால் கண்தான் பழகும், காது பழகாது. வளைந்த சுரத்திலேயே தொடங்கி மெல்ல விடுவித்தால் ஏற்ற ஜாருவின் (கீழிருந்து மேலே வழுக்கிச் செல்லும் கமகத்தின்) சாயல் கிடைக்கும். இதே கருவியை ஜி ஆதார சுருதியில் (ஜி சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு) வாசிக்கும்போது மூன்றாம் துளை காந்தாரமாகிவிடும். சாதாரண காந்தாரத்துக்கும் அதைவிட அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும் இடையே அது ஊசலாடுகையில்தான், லிட்டில் வால்ட்டர் போன்ற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கலைஞர்களின் வாசிப்பில் நாம் கேட்கும் அந்த ஏக்கம் பிறக்கிறது.

பித்தளை ரீடு என்பதால் தேய்மானத்தைத் தவிர்க்க முடியாது. அழுத்தி வளைக்கும் பழக்கம் இருந்தால் நான்காம் துளையே முதலில் சுருதி இறங்கும். எட்டு முதல் பத்து வரையிலான துளைகளில் ஊதும் சுரம்தான் வளையும். சி ஸ்கேலில் அதற்கான நாக்கசைவு மிகவும் நுண்ணியது. அதனால் அந்தப் பயிற்சியைச் சுருதி தாழ்ந்த ஜி ஸ்கேல் கருவியில் தொடங்குவது நல்லது.