நீலகிரியில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு: தடுப்புச் சுவரில் பெயருக்குச் செருகிய வடிகுழாய்கள்

நீலகிரியின் சரிவுகளில் வீடு கட்டவிருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கோத்தகிரி அருகே எங்கள் மனையில் மண்ணை வெட்டிச் சமன்படுத்திக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தோம். வெட்டுக்கு மேற்புறம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால், சுவருக்குப் பின்னால் ஜல்லி, 1.5 மீட்டருக்கு ஒன்றாக 4 அங்குல வடிகுழாய், வெட்டிய மண்ணுக்குத் தார்ப்பாய் என அனைத்துக்கும் மழைக்காலப் பாதுகாப்பு என்ற தலைப்பில் தனித்தொகை எழுதி, அதை முழுவதுமாக முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

கார்த்திகையில் அடைமழை பிடித்ததும் சுவர் வயிறு தள்ளத் தொடங்கியது. அத்தனை மழையிலும் வடிகுழாய்களில் ஒன்றிலிருந்துகூடத் தண்ணீர் வரவில்லை. சந்தேகப்பட்டுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால், ஒரு சாண்கூடப் போகாமல் கல்லில் முட்டி நின்றது. வேறொரு மேஸ்திரியை வைத்துப் பிரித்தபோதுதான், வெளிமுகத்தில் மட்டும் குழாய்த் துண்டுகளைச் செருகிச் சிமென்ட் பூசியிருந்தது தெரிந்தது. பின்னால் ஜல்லி இல்லை. வெட்டிய செம்மண்ணும் உடைந்த செங்கலும் காலிச் சிமென்ட் சாக்குகளும் கிடந்தன. மேல் வாய்க்கால் வெட்டப்படவே இல்லை. மூடாமல் விட்ட மண்குவியல் கரைந்து, கீழேயுள்ள பெரியவரின் தேயிலைத் தோட்டத்தில் முழங்கால் அளவுக்குச் சேறாகப் படிந்தது. எதிலும் சம்பந்தப்படாத அவருக்கு நேர்ந்த இழப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பத்தடிச் சுவரின் பின்னால் நீர் நிறைந்து நின்றால், அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன் அழுத்தம் விழும். மண்ணின் அழுத்தம் அதற்கு மேல் தனி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, பல இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் உயிரிழந்த மாவட்டத்தில் தொழில் செய்பவர், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

மேல் வாய்க்கால் முடியும்முன் பொக்லைனை மனைக்குள் விடாதீர்கள். பொக்லைனுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மண் நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு குழாயும் சுவரின் மறுபக்கம் வருகிறதா என்று நீங்களே நின்று பார்த்து, ஜல்லி கொட்டும்போது படம் எடுத்து வைத்து, அதன் பிறகே அந்த வேலைக்கான பணத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே நிரப்பிய சுவராக இருந்தால், நீளமான கம்பி ஒன்றே உண்மையைச் சொல்லிவிடும். எங்கள் சுவரை இப்போது வேறு ஆட்கள் கட்டுகிறார்கள். பழைய ஒப்பந்தக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன்.