மெக்செய்ன் வேத வாசிப்பு அட்டவணை: யாருக்கு ஒத்துவரும்?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையோடு வேத வாசிப்பு அட்டவணையையும் கொடுக்கிற சபைகள் உண்டு. பெரும்பாலும் வார நாளில் 3 அதிகாரம், ஞாயிறு 5 என்ற கணக்குதான். வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1196. வேதாகமத்தின் 1189 அதிகாரமும் அதில் அடங்கிவிடும். கணக்கில் குறையில்லை. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 இரண்டும் நாலு வாரத்தில் தீர்ந்து, ஜனவரி கடைசியிலேயே லேவியராகமம் வந்துவிடும், பின்னாலேயே எண்ணாகமம். தினமும் மூன்று அதிகாரமும் பலி முறைமையும் கோத்திரத் தொகையுமாகவே போகும்போது, புது வருஷத் தீர்மானம் அங்கேயே படுத்துவிடுகிறது.

மெக்செய்ன் அட்டவணையில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் பரிசுத்த பேதுரு சபைப் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன், 1843-ம் வருஷத்துக்காகத் தன் சபையாருக்குப் போட்டது இது. நாளுக்கு நாலு பத்தி (column), ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரு அதிகாரம். முதல் இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, அடுத்த இரண்டு தனி ஜெபத்துக்கு. வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம் முடியும்.

ஜனவரி 1-க்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நாலும் தொடக்கங்கள்: படைப்பு, கிறிஸ்துவின் பிறப்பு, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர் திரும்புதல், சபை. டிசம்பர் 31-ல் 2 நாளாகமம் 36, பாரசீக ராஜா கோரேசின் கட்டளையோடு முடிகிறது. மறுநாள் எஸ்றா 1 அதே கட்டளையில் தொடங்குகிறது. லேவியராகமம் மார்ச் கடைசியில்தான் வரும். அதுவும் தனியாக வராது: ஏப்ரல் 1-ல் லேவியராகமம் 4-க்குத் துணையாக சங்கீதம் 1, 2, நீதிமொழிகள் 19, கொலோசெயர் 2. ஒரு பத்தி வறண்டிருந்தாலும் இன்னொன்றில் தண்ணீர் இருக்கும்.

குறை, தேதி போட்ட அட்டவணைக்கே உரியது. மூன்று நாள் விட்டால் 12 அதிகாரத்துக்கு மேல் பாக்கி. சனிக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் ஓட்டினால் கண் படிக்கும், மனசு படிக்காது. விட்டதை விட்டுவிட்டு அன்றைய தேதிக்கு வந்துவிடுவது நல்லது. பாக்கியைத் தீர்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் 1, 3-ம் பத்திகளை மட்டும் எடுக்கட்டும். அவற்றில் வருகிற பழைய ஏற்பாடு அந்த வருஷத்தில் ஒரே தரம்தான் வரும். 2, 4-ல் வருகிற புதிய ஏற்பாடும் சங்கீதமும் இன்னொரு சுற்றில் கிடைக்கும். பாக்கி பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு குறை, டிக் போடுவதே வாசிப்பாகிவிடுவது. மெக்செய்னே இதை முன்கூட்டிப் பார்த்து, சடங்காச்சாரம், சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்க முடியாத நுகம் என்று நாலு ஆபத்துகளை அட்டவணையோடு சேர்த்தே எழுதிவைத்தார். விற்பவரே குறையைச் சொல்லி விற்கிற சரக்கு அபூர்வம். அவர் 1843 மார்ச் 25-ல், 29 வயதில், காய்ச்சலில் இறந்தார். தான் போட்ட அட்டவணையின் முதல் வருஷத்தையே முடிக்கவில்லை. முடித்தால்தான் பலன் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் தரம் முழு வேதாகமம் படிக்கப்போகிறவருக்கு நாலு பத்தியும் வேண்டாம். தமிழில் நிறுத்தி வாசித்தால் அரை மணிக்குக் குறையாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், அதிகாலை ஷிப்ட் போகிறவருக்கும் அது நடக்காது. இந்த வருஷம் குடும்பப் பத்திகள், அடுத்த வருஷம் தனிப் பத்திகள் என்று இரண்டாகப் பிரித்தால் தாங்கும். குடும்ப ஜெபம் நடக்கிற வீடுகளுக்கோ, இதைவிட நல்ல அட்டவணை சொல்லத் தெரியவில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளையும் அன்றைக்கு அதே அதிகாரத்தில்தான் இருப்பான்; போனில் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

அச்சு வாங்கும்போது நாலு பத்தியும் தனித்தனியாக இருக்கிறதா, 'ஆதி.', 'அப்.' போன்ற சுருக்கங்கள் கண்ணாடியில்லாமல் தெரிகிறதா என்று பாருங்கள். லேமினேட் செய்ததில் பேனா பிடிக்காது. சாதா தாளே போதும். லீப் வருஷத்து பிப்ரவரி 29-க்கு இதில் பகுதி கிடையாது, அன்றைக்கு விட்டுப்போன ஏதாவது ஒன்றைப் படிக்கலாம்.